திரை விலகிய சபை

1999ஆம் வருஷம் ஏப்ரல் 17ஆம் தேதி, சனிக்கிழமை. பிரமாதி வருஷம் பிறந்து நாலாவது நாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிரிக்கெட் பந்தயம் என்றால் வருகிற பையன்கள் மட்டும் அல்ல. எதிர்வீட்டு மாமி வந்திருந்தார், பால்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். டெலிவிஷனில் டெல்லி. லோக் சபை. வாஜ்பாய் சர்க்கார் நிற்குமா, விழுமா என்று ஓட்டெடுப்பு நடக்கப் போகிறது.

அப்போது எனக்கு இருபது வயது. அரசியலில் அபிப்பிராயங்கள் ஏராளமாக இருந்தன. ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. அன்று கூடத்தில் ஆதாரத்தோடு பேசக்கூடியவர் ஒருவர்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா. அவர் பாம்புப் பஞ்சாங்கத்தையும் ஒரு பென்சிலையும் கையில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சிக்கு எத்தனை பேர், யார் யார் பக்கம் என்று பஞ்சாங்கத்தின் ஓரத்தில் கூட்டிக்கொண்டே இருந்தார். கூட்டல் சரியாக வந்தது, சமாதானம்தான் வரவில்லை.

"என்னடா இது, தராசு முள் நடுவிலேயே நிக்கறது!" என்றார்.

திருச்சிக்காரர்களுக்கு அன்றைய விவகாரத்தில் தனிப்பட்ட அக்கறை இருந்தது. எங்கள் மெம்பர் ரங்கராஜன் குமாரமங்கலம்தான் அந்த சர்க்காரில் மின்சார மந்திரி. பார்லிமெண்டரி விவகாரமும் அவரிடமே இருந்தது. அதாவது சபையில் தலைகளை எண்ணி, சிதறுகிறவர்களைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துகிற பொறுப்பு எங்கள் ஊர் மெம்பர் தலையில் விழுந்திருந்தது. அவருடைய குடும்பத்துக்கு இந்தச் சட்டசபை, பார்லிமெண்ட் எல்லாம் பரம்பரை வித்தை. தாத்தா டாக்டர் சுப்பராயன் 1926இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். தகப்பனார் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாக இருந்து, பிறகு இந்திரா காந்தியின் மந்திரி சபையில் சேர்ந்து, 1973இல் விமான விபத்தில் காலமானவர். அத்தை பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரின் கம்யூனிஸ்ட் மெம்பர். இவரோ காங்கிரஸில் சேலத்து மெம்பராக இருந்துவிட்டு பாரதிய ஜனதாவுக்கு வந்து, 1998இல் திருச்சியில் நின்று ஜெயித்தவர். ஒரே குடும்பத்தில் இத்தனை கட்சி என்றால் வேறு ஊரில் ஆச்சரியப்படுவார்கள். வடகலையும் தென்கலையும் ஒரே வீதியில் குடியிருந்து வழக்காடிய ஸ்ரீரங்கத்தில் இதற்கெல்லாம் புருவம் உயராது.

1998இல் அவர் ஜெயித்தது அண்ணா தி.மு.க. கூட்டணியில். இப்போது சர்க்கார் ஆடுவதற்குக் காரணமும் அதே கட்சிதான். ஜெயலலிதா தம்முடைய 18 மெம்பர்களின் ஆதரவை வாபஸ் வாங்கிக்கொண்டார், ஜனாதிபதி கே. ஆர். நாராயணன், சபையின் நம்பிக்கையைப் பெற்றுக் காட்டும்படி பிரதமரைக் கேட்டுக்கொண்டார். தி.மு.க.வோ சர்க்காரைத் தாங்க வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன் தேர்தலில் யார் யாரோடு நின்றார்கள் என்பதை நினைவு வைத்திருந்தவர்களுக்குத்தான் அன்று குழப்பம். மறந்துவிட்டவர்கள் நிம்மதியாகப் பார்த்தார்கள்.

சபை நடவடிக்கையைக் கண்ணால் பார்க்கலாம் என்று வந்ததே தவிர, காதால் புரிந்துகொள்வது வேறு விஷயம். பாதிப் பேச்சு ஹிந்தி. எங்கள் அத்தை ஹிந்திப் பிரசார சபைப் பரீட்சைகளில் ஏழெட்டுப் படி ஏறியவள், அவள்தான் துவிபாஷி. வடக்கத்தி மெம்பர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிஷம் முழங்கினார். எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தோம்.

"திட்டறார்" என்றாள் அத்தை.

"யாரை?"

"எல்லாரையும்தான்."

லோக் சபையில் ஹிந்தி, இங்கிலீஷ் இரண்டுக்கும் உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லும் ஏற்பாடு 1964 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அது சபைக்குள்ளே காதில் கருவி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு. எங்கள் கூடத்துக்கு அத்தைதான் கருவி.

ஓட்டெடுப்புக்கு முன் ஒரு சட்டச் சிக்கல் கிளம்பிற்று. கிரிதர் கமாங் என்பவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரிஸ்ஸாவின் முதல் மந்திரி ஆகிவிட்டார். ஆனால் லோக் சபை ஸ்தானத்தை இன்னும் ராஜினாமா செய்யவில்லை. அவர் ஓட்டுப் போடலாமா? சபாநாயகர் பாலயோகி அதை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார். மனச்சாட்சி சர்க்காருக்கு எதிராக ஓட்டுப் போட்டது. காஷ்மீரத்து சைபுத்தீன் சோஸ் தம் கட்சிக் கட்டளையை மீறி எதிராக ஓட்டளித்தார். பலகையில் எண்கள் வந்தன. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

கூடத்தில் ஒரு விநாடி யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் மெம்பர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் தேடினோம், கண்ணில் படவில்லை. பால்காரர், "ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். தாத்தா மட்டும் பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாததுபோல ஒன்று சொன்னார்.

"நம்பியார் சபையிலே பேசி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!"

நம்பியார் யார் என்று கேட்கிற தலைமுறை நான். அன்று இரவு மொட்டைமாடியில் அவர் சொல்லக் கேட்டதும், பிற்பாடு நானே தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இனி எழுதப்போவது.

கே. ஆனந்த நம்பியார் பொன்மலை ரயில்வேத் தொழிலாளர்களின் தலைவர். பொன்மலையில் 1946 செப்டம்பர் 5ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். அந்தக் காலத்துச் சங்கத்தில் உருவான மனிதர். 1952இல் மாயூரத்திலிருந்தும், 1962இல் திருச்சியிலிருந்தும் லோக் சபைக்குப் போனார். தாத்தாவுக்குக் கம்யூனிஸத்தில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. மூன்று வேளையும் சந்தியாவந்தனம் செய்கிறவர். ஆனால் 'நம்ம ஒர்க்ஷாப்பு மனுஷன்' என்று ஒரு பாசம். சென்னையிலிருந்து ரயிலில் வரும் பத்திரிகையை வாங்கி, பார்லிமெண்டுப் பக்கத்தைத் தேடி, நம்பியார் ரயில்வே மந்திரியை என்ன கேட்டார், மந்திரி என்ன சொல்லி நழுவினார் என்று படித்துவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவாராம்.

1964 டிசம்பர் 29ஆம் தேதியிட்ட உத்தரவின்படி, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை சர்க்கார் நம்பியாரைக் காவலில் வைத்தது. அவரோடு புதுக்கோட்டை மெம்பர் உமாநாத்தையும் பிடித்தார்கள். நாடெங்கும் இடதுசாரிக் கம்யூனிஸ்டுகளை வளைத்துப் பிடித்த சமயம் அது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. இருவரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் வாதம் எனக்கு இன்று படித்தாலும் நெஞ்சைத் தொடுகிறது. சபை கூடும்போது வரும்படி ஜனாதிபதி எங்களை அழைக்கிறார். எங்களைத் தேர்ந்தெடுத்த ஜனங்கள் எங்கள் மூலமாகத்தான் பேச வேண்டும். சபை நடக்கையில் எங்களை உள்ளே போட்டு வைத்தால் அந்தத் தொகுதிகளின் வாயை அல்லவா கட்டுகிறீர்கள்? 1965 அக்டோபர் 27ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பார்லிமெண்டு மெம்பர் என்பதற்காகத் தடுப்புக் காவலிலிருந்து விலக்குக் கிடையாது; சபையில் பேசும் சுதந்திரம் சபைக்கு வந்து சேர்ந்தவருக்குத்தான், வர முடியாதவருக்கு அல்ல என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒர்க்ஷாப்பு குமாஸ்தா ஒருவர் தினமும் பார்லிமெண்டுப் பக்கத்தைப் பிரித்து, தம் மெம்பரின் பெயரைக் காணாமல் மடித்து வைத்ததைத் தீர்ப்பில் எந்த வரியில் எழுதுவது?

1967இல் திருச்சி மறுபடியும் நம்பியாரைத்தான் தேர்ந்தெடுத்தது.

தாத்தா படித்த அந்தப் பார்லிமெண்டுப் பக்கம் இருக்கிறதே, அதுவும் சும்மா வந்துவிடவில்லை. சபையில் பேசியதை அச்சடிப்பதே ஒரு காலத்தில் குற்றம். இங்கிலாந்தில் 1771இல் காமன்ஸ் சபை விவாதத்தை அச்சிட்டவர்களைப் பிடிக்கப் போய், அவர்களுக்குப் பரிந்து நின்ற லண்டன் நகர மேயரையே கோட்டைச் சிறையில் போட்டார்கள். ஊர் கொதித்தது. அதற்குப் பிறகுதான் நிருபர்களைக் கண்டும் காணாததுபோல் விட்டார்கள்.

நம் தேசத்தில் மெம்பர் சபைக்குள் எதைப் பேசினாலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. அதையே பத்திரிகையில் போட்டவனை மான நஷ்ட வழக்குக்கு இழுக்கலாம் என்ற நிலை இருந்தது. அதை மாற்ற 1956இல் தனி மெம்பர் மசோதா கொண்டுவந்து நிறைவேற்றியவர் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மாப்பிள்ளை. கெட்ட எண்ணம் இல்லாமல், சபை நடவடிக்கையை உள்ளபடி வெளியிட்டால் வழக்கு இல்லை என்பது சட்டத்தின் சாரம். ரேடியோ ஒலிபரப்புக்கும் அது பொருந்தும் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே பெரோஸ், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணம் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளுக்குப் போன கதையைச் சபையில் விரித்தார். பத்திரிகைகள் பயமின்றி வெளியிட்டன. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். மாமனார் மந்திரி சபையிலேயே மருமகன் கைவைத்தார் என்று ஊரெல்லாம் பேச்சு.

இதில் விசித்திரம், நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துப் போட்டது பெரோஸின் மனைவி இந்திரா காந்தியின் சர்க்கார்தான். எதிர்க்கட்சிக்காரர் சபையில் பேசியது பத்திரிகையில் வராது. தணிக்கை அதிகாரி அடித்துவிடுவார். 1977இல் ஜனதா சர்க்கார் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. போதாதென்று, 1978ஆம் வருஷத்து 44ஆவது திருத்தத்தில் அதை அரசியல் சாசனத்திலேயே 361ஏ என்ற ஷரத்தாக எழுதி வைத்துவிட்டார்கள். இனி அவ்வளவு சுலபமாக எடுத்துப் போட முடியாது. வீட்டுக்காரர் போட்ட பூட்டை வீட்டுக்காரியே திறந்தார். அடுத்து வந்தவர் பூட்டை மாற்றிச் சாவியைப் பெட்டகத்தில் வைத்தார் என்பார் தாத்தா.

ரேடியோ? திருச்சிக்கு ரேடியோ நிலையம் 1939 மே 16ஆம் தேதியே வந்துவிட்டது. பாட்டுக் கச்சேரி, நாடகம், விவசாயிகளுக்கு யோசனை எல்லாவற்றுக்கும் தஞ்சை, திருச்சி ஜில்லாக்கள் அந்த நிலையத்துக்குக் கடமைப்பட்டவை. 1947 ஆகஸ்ட் 14ஆம் தேதி நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபை கூடியதையும் நேருவின் பேச்சையும் ரேடியோ பெட்டி இருந்த வீடுகளில் கேட்டார்கள். பிறப்புச் சமயத்தில் குழந்தையின் அழுகுரலைக் கேட்ட மாதிரி. அதன் பிறகு, சபையின் குரல் நேரே ஜனங்கள் காதில் விழுந்த சந்தர்ப்பங்கள் அபூர்வம். காலை 7-15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. அதில் பார்லிமெண்டுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு நிமிஷத்தில் மந்திரி 'தெரிவிப்பார்', எதிர்க்கட்சி 'வெளிநடப்புச் செய்யும்'. எதற்காக நடந்தது என்று கேட்டுக்கொள்வதற்குள் வானிலை அறிக்கை வந்துவிடும்.

டெலிவிஷன் சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15இல். எங்கள் பக்கத்துக்கு அது எண்பதுகளில்தான் எட்டிப் பார்த்தது. கொடைக்கானல் மலைமேல் பெரிய ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு கூரைக்குக் கூரை மீன்முள் மாதிரி ஆண்டெனா முளைத்தது. ஆனால் பார்லிமெண்டு அந்தப் பெட்டிக்குள் வருவதற்குத் தயக்கம் காட்டியது. இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. காமிரா வைத்தால் மெம்பர்கள் நாடகம் ஆடுவார்கள் என்று லண்டனிலும் வெகு காலம் பயந்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதி சபை 1979 மார்ச்சில் காமிராவை அனுமதித்தது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 1989 நவம்பரில்தான் இணங்கியது. அதற்கு ஒரு மாதம் கழித்து, 1989 டிசம்பர் 20ஆம் தேதி, நம் பார்லிமெண்டின் இரு சபைகளும் கூடிய மைய மண்டபத்தில் ஜனாதிபதி நிகழ்த்திய உரை நேரடியாக ஒளிபரப்பாயிற்று. ஜனாதிபதி ஆர். வெங்கடராமன், தஞ்சை ஜில்லா ராஜாமடத்துக்காரர். காமிரா முதல் முதலாகச் சபைக்குள் நுழைந்தபோது எதிரே நின்றவர் காவிரிப் படுகைக்காரர் என்பதில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

1991 டிசம்பரில் கேள்வி நேரத்தைப் படம் பிடித்து மறுநாள் காலையில் காட்டத் தொடங்கினார்கள். அப்போது நரசிம்ம ராவ் சர்க்காரில் பார்லிமெண்டரி விவகாரத்துக்கு ராஜாங்க மந்திரியாக இருந்தவர் சாக்ஷாத் ரங்கராஜன் குமாரமங்கலமே. 1994 டிசம்பரில் கேள்வி நேரம் நேரடியாகவே வரத் தொடங்கியது. 1996 மே மாதம் வாஜ்பாயின் பதின்மூன்று நாள் சர்க்கார் நம்பிக்கைத் தீர்மான விவாதம் நேரடியாக ஒளிபரப்பானபோது, பத்திரிகையில் அவர் பேச்சைச் சுருக்கமாகப் படித்துப் பழகியவர்கள் முதல் தடவையாக அந்த மனிதர் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் விடுகிற இடைவெளியைப் பார்த்தார்கள். ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்யப் போகிறேன் என்று அவர் எழுந்துவிட்டார். தோற்றுப் போகிறவரைத்தான் ஜனங்கள் அன்று ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நாடகம் ஆடுவார்கள் என்று பயந்தவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் நல்ல நடிகரும் இருப்பார் என்பதை மறந்துவிட்டார்கள்.

எனக்குக் காமிராவைப் பற்றி வேறொரு வருத்தம். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குத் திரை என்றால் என்னவென்று தெரியும். பெருமாள் அமுது செய்யும்போது திரை போடுவார்கள். அதற்கு ஒரு நியாயம் உண்டு. சபையிலும் காமிரா யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் ஒரு திரை இருக்கிறது. கூச்சல் கிளம்பினால் படம் சபாநாயகர் முகத்தில் போய் நின்றுவிடும். 2014 பிப்ரவரி 18ஆம் தேதி தெலுங்கானா மசோதா லோக் சபையில் நிறைவேறிய சமயத்தில் நேரடி ஒளிபரப்பே நின்றுபோயிற்று. தொழில்நுட்பக் கோளாறு என்று பிறகு சொன்னார்கள். ஒரு ராஜ்யத்தை இரண்டாகப் பிரிக்கிற நிமிஷத்தில் அந்தக் கோளாறு வந்தது. அதற்குச் சரியாக மூன்று வருஷம் கழித்து, அதே பிப்ரவரி 18இல், சென்னைச் சட்டசபையில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை ஓட்டுக் கேட்டார். தி.மு.க. மெம்பர்களை வெளியேற்றிவிட்டு நடந்த ஓட்டெடுப்பில் 122க்கு 11 என்று ஜெயித்தார். நேரடி ஒளிபரப்பு கிடையாது. தமிழ்நாடே டெலிவிஷன் முன் உட்கார்ந்து கோட்டையின் வெளிக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமுது செய்தவர் யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இதில் ஸ்ரீரங்கத்துக்கென்று ஒரு தனி மனத்தாங்கல். 1999இல் எங்கள் மெம்பரின் சர்க்காரைக் கவிழ்த்த ஜெயலலிதா, தம் பூர்விகம் இந்த ஊர் என்று சொல்லி 2011இல் ஸ்ரீரங்கத்தில் நின்றார்; ஜெயித்து முதல் மந்திரி ஆனார். 2014 செப்டம்பரில் தண்டனை பெற்றுப் பதவி இழக்கும்வரை எங்கள் தொகுதியின் சட்டசபை மெம்பர் அவரே. மூன்று வருஷத்துக்கு மேல் முதல் மந்திரியே எங்கள் மெம்பர். ஆனால் அவர் சபையில் பேசுவதை அப்படியே நேரடியாகப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. வெட்டி ஒட்டிய துண்டுகள் ராத்திரிச் செய்தியில் வரும். டெல்லியில் லோக் சபைக்கு 2006இலேயே தனி டெலிவிஷன், 2011இல் ராஜ்ய சபைக்கு வேறொன்று. இரண்டையும் 2021 செப்டம்பரில் சேர்த்து சன்சத் டி.வி. ஆக்கினார்கள். ஆயிரத்து முந்நூறு மைலுக்கு அப்பால் நடப்பதை வீட்டில் பார்த்தோம். இருநூறு மைலில் நடப்பதைப் பார்க்க முடியவில்லை.

குமாரமங்கலம் 1999 இறுதியில் நடந்த தேர்தலில் மறுபடி திருச்சியில் ஜெயித்தார். இந்தத் தடவை தி.மு.க. கூட்டணியில். 2000 ஆகஸ்ட் 23ஆம் தேதி காலமானார். வயது 48தான். அந்தச் செய்தியையும் டெலிவிஷனில்தான் பார்த்தோம். தாத்தா வழக்கம்போலப் பஞ்சாங்கத்தை எடுத்தார்; ஒன்றும் எழுதாமல் திரும்ப வைத்துவிட்டார். அவர் போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது பிரமாதி வருஷத்துப் பஞ்சாங்கம் அகப்பட்டது. சித்திரை 4ஆம் தேதிக்கு நேரே, பால் கணக்குக்கு மேலே, 269 – 270 என்று இருந்தது. 270இன் கீழ் இரண்டு கோடு.

தமிழ்நாட்டுச் சட்டசபையின் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பானது 2022 ஜனவரி 6ஆம் தேதி. அன்று அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டெலிவிஷனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரோடு, பாலம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு மெம்பராக எழுந்து கேட்டார்கள். மந்திரிகள் பதில் சொன்னார்கள். எல்லாம் தமிழ்.

"எனக்கு வேலையே வைக்கலையேடா" என்றாள் அத்தை, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கேள்வி நேரம் முடிந்தது. ஒளிபரப்பும் முடிந்தது. அத்தை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சு? சண்டை ஏதாவது வந்துதா?"

"நாளைக்குப் பேப்பர்லே வரும் அத்தை" என்றேன்.

"அப்போ காலம்பற மறக்காம வாங்கிண்டு வா" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.